காதில் துளை விழுந்த பசு

என் தங்கையிடம் ஒரு பசு இருந்த வரைக்கும் சிதம்பரத்தில் புது வீடு கட்டியவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். பசு போன பிறகு கூப்பிடவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இதற்கு நடுவில் நான் செய்த காப்பீடு ஒன்று இருக்கிறது. மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட்ட மனிதன் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கு விவரம் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் கடலூரில், மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் என் மனம் அடங்காது. பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்களை எண்ணுவேன்; கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் விழுந்த இலைகளை எண்ணுவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். இருக்கட்டும். எண்ணாதவர்கள் என்னத்தைக் கண்டார்கள்?

தங்கை சிதம்பரத்தில், ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் சொந்த வீட்டில் இருந்தாள். 2004-ல் அவள் கணவர் இறந்தார். பிள்ளைகள் இல்லை. குடும்ப பென்ஷன் வந்ததால் சோற்றுக்குக் குறைவில்லை. குறை வேறு. அக்கம்பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் பத்திரிகை வைப்பார்கள். வராதே என்று யாரும் சொல்வதில்லை. "நீங்க மெதுவா சாப்பாட்டு நேரத்துக்கு வாங்க" என்பார்கள். மரியாதையான பேச்சு. தாலியில்லாதவள் முகூர்த்த நேரத்தில் எதிரே நிற்கக் கூடாது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அடுத்த வருடம், திட்டக்குடிப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் ஒரு செவலைக் கன்றைக் கொண்டுவந்து விட்டுப் போனார். தாய்ப்பசு செத்துவிட்டது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார். தங்கை அதற்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். வரும்படிக்காக வைத்துக்கொண்ட மாடு இல்லை. பிற்பாடு அது கறந்த பால் அவளுடைய காப்பிக்கும் மோருக்கும்தான் காணும். வெளிநாட்டில் என் மகள் பூனை வளர்க்கிறாள், இவள் மாடு வளர்த்தாள். பூனை மடியில் ஏறி உட்காரும். இது தலையை மட்டும் மடியில் வைக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வருடங்களில் புறவழிச்சாலை ஓரத்து வயல்களெல்லாம் மனைகளாயின. கல் நட்டார்கள், பெயருக்குப் பின்னால் நகர் என்று சேர்த்தார்கள், பேங்கில் கடன் வாங்கி வீடு கட்டினார்கள். வீடு கட்டினால் கிரகப்பிரவேசம். கிரகப்பிரவேசத்துக்குப் பசு வேண்டும். மனிதர்களுக்கு முன்னால் பசு வாசற்படி தாண்ட வேண்டும், உள்ளே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், சாணி போட்டால் இன்னும் விசேஷம். ஊருக்குள் மாடு வைத்திருப்பவர்களோ குறைந்துகொண்டே வந்தார்கள்.

2008-ல் தங்கையின் பசு கன்று போட்ட பிறகு முதல் அழைப்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. மாட்டை அனுப்பினால் போதும் என்றுதான் கேட்டார்கள். ஆனால் அது வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் நகராது. போதாததற்குப் புது வீட்டில் வழுவழுவென்று டைல்ஸ். குளம்பு வைத்ததும் வழுக்கியது. மாடு மிரண்டு பின்வாங்கியது. வழுக்கி விழுந்தால் மாட்டுக்கு இடுப்பு போய்விடும், பிறகு எழுந்திருக்காது. கடைசியில் இவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் நான்கு கோணிப்பைகளை நனைத்து எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் இரண்டு, உள்ளே இரண்டு விரித்தாள். மாடு அவள் தோளை ஒட்டி நடந்து படி தாண்டியது.

அப்படியாக என் தங்கை, நல்ல நேரத்தில், எல்லாருக்கும் முன்னால், தலைவாசல் வழியாக ஒரு புது வீட்டுக்குள் நுழைந்தாள். புரோகிதர் மந்திரத்தை நிறுத்தவில்லை. அந்த வீட்டு அம்மாள் மாட்டைப் பார்த்தபடியே தாம்பூலத்தை இவள் கையில் கொடுத்தாளாம். போனில் என்னிடம் சொன்னபோது தங்கை சிரித்தாள்.

"எனக்கு இல்லண்ணே. மாட்டுக்குத்தான் வச்சுக் குடுத்தாங்க. அது வெத்தலய தின்னுடுச்சு, ஜாக்கெட் துணிய நான் எடுத்துக்கிட்டேன்."

அதற்குப் பிறகு முகூர்த்த நாள் தவறாமல் கூப்பிட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் பதினேழு வீடுகள். விடியற்காலையில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, தானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்புவாள். நான்கு வருடமாகப் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்த புடவைகள் அவை.

கன்று ஆறு மாதத்தில் கழிச்சல் கண்டு இறந்துபோனது. தங்கை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த நேரத்தில்தான் என் மகள் போனில், பூனைக்குப் பல்லில் ஏதோ கோளாறு, ஆஸ்பத்திரிச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிட்டது என்று சொன்னாள். பூனையின் பல்லுக்கே கம்பெனி கட்டும்போது பசுவின் உயிருக்குக் கட்டாதா? நான் பஸ் ஏறிச் சிதம்பரம் போய், தங்கையைக் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். மாட்டை நன்றாகப் பார்த்தார். கோமாரிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டு, விட்டுப்போனதைப் போட்டு, ஆரோக்கியமான மாடு என்று சான்று எழுதித் தந்தார். அதை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சான்றைப் படித்துவிட்டு, "எவ்ளோ சார் கறக்குது?" என்றார்.

"ஒன்றரை லிட்டர்."

"இதுக்கா சார் கடலூர்லேருந்து வந்தீங்க?"

"கறக்கறதுக்காக இல்லீங்க. நோய் நொடி வந்தா வைத்தியம் பாக்கணும் இல்ல?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வைத்தியத்துக்கெல்லாம் நாங்க குடுக்கறதில்ல. செத்தாத்தான் பணம்."

"உயிரோட இருக்கறப்ப ஒண்ணும் கிடையாதா?"

"உயிரோட இருந்தா உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?"

சான்றை எடுத்து மடித்தேன். ஆனாலும் வந்தது வந்துவிட்டோம், செத்தால் இன்னொரு மாடாவது வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். கொடுத்த தாளை முழுக்கப் படித்தேன். எந்தெந்தச் சாவுக்குப் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் பதினொரு இனங்கள் போட்டிருந்தன. அதற்கும் கீழே, காதுவில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்று மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. காதுவில்லை என்பது நம்பர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு. இடுக்கி போன்ற ஒரு கருவியால் மாட்டின் காதைத் துளைத்து அதை மாட்டுவார்கள். இறந்தது காப்பீடு செய்த அதே மாடுதான் என்பதற்கு அடையாளம்.

டாக்டரம்மா மாட்டியபோது பசு ஒரே ஒரு தடவை தலையை உதறியது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கணவரின் தம்பி பக்கத்து வீடு. எனக்கு மைத்துனர் முறை. என்னை மச்சான் என்று கூப்பிடுவார். மாட்டைப் பார்த்ததும் வேலியோரம் வந்து நின்றார்.

"என்னா மச்சான், எங்க அண்ணி காதுல கம்மல் இல்ல, மாட்டுக்குக் கம்மல் போட்டுட்டீங்க?"

தங்கையும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்த மைத்துனர் டிரவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவருக்குத் தலை வாரிச் சோறு போட்டு அனுப்பியவள் அவள்.

அடுத்த முகூர்த்தத்தில் தகராறு ஆரம்பித்தது. வாசலில் மாட்டை நிறுத்தியதும், அந்த வீட்டுக்காரரின் தாயார் காதைப் பார்த்துவிட்டாள். அவள் சொன்னதைத் தங்கை எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினாள்.

"இன்னாது இது, காதுல நம்பர் போட்டிருக்குது? லோன் மாடா? வீட்டுக்கு லோன் போட்டதே போதும்டாப்பா, மாடும் லோன் மாடா வரணுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒருவர், லோனோ என்னவோ, காதில் ஓட்டை விழுந்த மாடு ஊனமான மாடு, பூஜைக்கு ஆகாது என்றார். இன்னொருவர், கறிக்கு ஏற்றுகிற மாட்டுக்குத்தான் இப்படிக் குத்துவார்கள் என்றார். வேறு தெருவிலிருந்து ஒரு மாடு வந்தது. தங்கை கோணிப்பைகளைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். அதற்கடுத்து இரண்டு வீடுகளில் கூப்பிடவே இல்லை.

நான் விடவில்லை. மாட்டைத் திருப்பி அனுப்பிய வீட்டில் பூஜை செய்த புரோகிதரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"மனுசனுக்குக் காது குத்தறது மங்கலம். மாட்டுக்கு மட்டும் ஊனமா சாமி?"

"நான் சொல்லலியே சார். அவங்க மனசுல பட்டுடுத்து."

"பரவாயில்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

"கேப்பாங்க. அப்புறம் அந்த வீட்டுல எவனுக்காவது ஜுரம் வந்தா என் பேரைத்தான் சொல்வாங்க."

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இன்சூரன்ஸ்காரருக்கு இருந்ததைப் போல அவருக்கும் விலக்குகள் இருந்தன. பொடி எழுத்தில் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து நான் போனபோது மாட்டின் காதில் வில்லை இல்லை. துளை மட்டும் இருந்தது. அதில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அப்பியிருந்தது.

"வில்லை எங்க?" என்றேன்.

"எடுத்துட்டேன். கொழுந்தன்தான் கட்டிங் பிளேயரால வெட்டி விட்டாரு."

"அது இல்லேன்னா ஒண்ணும் கிடைக்காதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"இது செத்தாதானே பணம்? இது செத்துட்டா எனக்கு எதுக்குண்ணே பணம்?"

"இன்னொண்ணு வாங்கறதுக்கு."

"வாங்கி அதும் காதையும் ஓட்டை போடவா?"

பூஜைக்குப் போகும்போது துளைமேல் சந்தனத்தை அப்பி, காதை மறைக்கிறாற்போலப் பூமாலை சுற்றிவிடுவதாகச் சொன்னாள். யாரும் கவனிக்கவில்லை. மறுபடி கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். புது வில்லை போட்டுக்கொள்ளலாம், உடனே கம்பெனிக்குத் தெரிவித்தால் போதும் என்று நான் விதியை எடுத்துச் சொன்னேன்.

"வைகாசி முகூர்த்தம் முடியட்டும்ணே" என்றாள்.

நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவள் செய்தது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். காப்பீட்டுத் தாளில் மாட்டின் மதிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. கறவையை வைத்து அதை நிரப்புவார்கள். அவளுக்கு அது எதற்காக வேண்டியிருந்தது என்பதை நிரப்ப அந்தத் தாளில் கட்டம் இல்லை.

அந்த 2009 வைகாசியில் ஒரே நாளில் மூன்று வீடுகள் வந்தன. கோணிப்பையைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னை வரச் சொன்னாள். முந்தின நாளே போனேன். முதல் இரண்டு வீடுகளும் விடியற்காலையில் அடுத்தடுத்து. மூன்றாவது, நன்றாக விடிந்த பிறகு.

மாடு உள்ளே வந்து சுற்றி முடிந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொள்வார்கள். பசுவுக்குத் தன் கையால் கொடுப்பது புண்ணியம். வாழைப்பழம், வெல்லம் கலந்த பச்சரிசி, இலை நிறையச் சர்க்கரைப் பொங்கல். அகத்திக்கீரையோ புல்லோ ஓரத்தில் கிடக்கும். மாட்டுக்கு உண்மையில் ஆகக்கூடிய அதைக் கொடுக்க ஒருவருக்கும் ஆசையில்லை. தங்கை எப்போதும் இரண்டு வாய்க்கு மேல் விடமாட்டாள். கயிற்றை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அன்றைக்குக் கூட்டம் அதிகம். "ஒண்ணே ஒண்ணு, என் கையால" என்று குழந்தைகள் முதல் கிழவிகள் வரை நீட்டினார்கள். நான் எண்ணினேன். இரண்டு வீட்டில் முப்பத்தொரு பழம். பொங்கலை எண்ண முடியாது.

மூன்றாவது வீட்டில் அந்த வீட்டு அம்மாள் ஒரு எவர்சில்வர் வாளி நிறையப் பொங்கலைக் கொண்டுவந்து மாட்டின் முன்னால் வைத்தாள்.

"வேணாங்க. ஏற்கெனவே ஜாஸ்தியா தின்னுடுச்சு. சோறு இதுக்கு ஒத்துக்காது" என்றாள் தங்கை.

"இன்னிக்கு இது மாடு இல்லீங்க, லட்சுமி. எங்க வீட்டுக்கு வந்த லட்சுமிக்கு வேணாம்னு நீங்க சொல்லலாமா?"

நீங்க என்ற சொல்லை அவள் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். அவ்வளவுதான். தங்கையின் நெற்றியை ஒரு தரம் பார்த்தாள். தங்கை கயிற்றைத் தளர்த்திவிட்டாள். மாடு வாளிக்குள் தலையை விட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் புது வீட்டில் நல்ல நேரத்தில் சண்டை போடுவது எப்படி என்று எனக்கும் தெரியவில்லை.

மத்தியானம் மாடு அசை போடவில்லை. கொட்டகை மூலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. பல்லை நறநறவென்று கடித்தது. வயிற்றின் இடப்பக்கம் பானை போல் உப்பியிருந்தது. சாணி தண்ணீராகப் போய், புளித்த நாற்றம் அடித்தது. டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். அவர் இடுப்பெலும்புக்கு முன்னால் கையை வைத்து அழுத்தினார்.

"என்ன குடுத்தீங்க?"

நான் சொன்னேன். பழத்தின் கணக்கையும் சொன்னேன்.

"சோறும் வெல்லமும் வயித்துல போய்ப் புளிச்சுடும் சார். அந்த அமிலம் ரத்தத்துல ஏறிடுச்சுன்னா கஷ்டம். தை மாசம், வைகாசி மாசம் எனக்கு இதே கேஸ்தான். பட்டினியால செத்த மாட்ட நான் இங்க பாத்ததே இல்ல."

சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். பாட்டில் பாட்டிலாக நரம்பில் மருந்து ஏற்றினார். போகும்போது என் கையைப் பிடித்து மாட்டின் இடது வயிற்றுப் பள்ளத்தில் வைத்தார். உள்ளே இரைப்பை புரளும்போது கைக்குத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு மூன்று தடவையாவது அசைய வேண்டும். அதை எண்ணிக்கொண்டே இருங்கள் என்றார்.

எண்ணுவதற்கென்றே பிறந்தவன் நான். முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்று வந்தது. ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. தங்கை மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எவ்ளோண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னேன். பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை. கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் மாடு இறந்தது.

மைத்துனர் வந்து பார்த்தார். வருத்தப்படத்தான் செய்தார். அதற்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மச்சான், அந்தக் கம்மல் அண்ணிகிட்ட பத்திரமாத்தான் இருக்கும். ஓட்டையும் அப்படியே இருக்குது. கம்பி வச்சு மாட்டி விட்டுட்டா யாருக்குத் தெரியும்? போட்டோ எடுத்து, காதோட அறுத்துக் குடுத்தா பணம் வந்துடும்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். தங்கைக்குக் கேட்டுவிட்டது.

"அதும் காதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

நான் ஒரு வாரம் கழித்து இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். டாக்டர் சான்று இருக்கிறது, மாடு அதேதான், வில்லையும் கையில் இருக்கிறது, காதில்தான் இல்லை என்றேன். அதே மனிதர், அதே மேஜை. இந்தத் தடவை அவர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"எங்க கணக்குல அந்த நம்பர்தான் சார் மாடு. காதுலேருந்து நம்பர் எறங்கின அன்னிக்கே எங்களுக்கு அந்த மாடு இல்ல."

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் இப்படித்தான் பேசினேன்.

இதெல்லாம் எனக்குப் பெரிய கசப்பில்லை. அந்த மூன்று வீட்டுக்காரர்கள் செய்ததுதான் கசப்பு. செய்தி தெருவில் பரவியதும் முதல் வீட்டுக்காரர் வந்தார். துக்கம் கேட்க வருகிறார் என்று நினைத்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மாடுன்னு யார்ட்டயும் சொல்லாதீங்க. எங்க வீட்டுல பயப்படறாங்க."

இரண்டாவது வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள், அதே செய்தி. மூன்றாவது வீட்டு அம்மாள், வாளி கொண்டுவந்தவள், போட்டோக்காரரிடம் சொல்லி மாடு இருக்கிற படங்களை ஆல்பத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டாள். வாசற்படி தாண்டிய லட்சுமி மறுநாளே செத்தால் அது வீட்டுக்கு ஆகாதாம். மறுபடி ஒரு ஓமம் வளர்த்தார்கள். அந்தத் தெருவில் பேச்சு வேறு மாதிரித் திரும்பியது. மாட்டை யார் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும் என்று ஒருத்தி சொன்னாளாம். கடைக்காரர் தங்கையிடமே இதைச் சொல்லியிருக்கிறார், ஆறுதலாக.

இன்னொரு கன்று வாங்கித் தருகிறேன் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். வேண்டாம் என்றாள். கொட்டகையில் விறகு அடுக்கினாள். நல்ல புடவைகள் பீரோவுக்குத் திரும்பிப் போயின.

2012 தையில் மைத்துனரின் மகன் அந்தப் புறவழிச்சாலை நகர்களில் ஒன்றில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். புயலடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் தெருவில் விழுந்த மரங்களை இன்னும் முழுசாக அறுத்து எடுக்கவில்லை. ஆனாலும் மைத்துனர் கடலூருக்கே வந்து பத்திரிகை வைத்தார்.

"மச்சான், நீங்க முந்தின நாளே வந்துடணும்."

"தங்கச்சிக்கு வச்சாச்சா?"

"பக்கத்து வீட்டுக்குப் பத்திரிகை வைக்காமயா? அண்ணிய மெதுவா சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். எதுக்கு அவுங்க விடியக்காலைல எழுந்து பனியில கஷ்டப்படணும்?"

எனக்குப் போக மனமில்லை. தங்கைதான் போகச் சொன்னாள். நான் போகாவிட்டால் அவள் தடுத்ததாகப் பேசுவார்கள் என்றாள். போனேன். புது வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அந்தச் சின்ன லாரியிலிருந்து கறுப்புப் பசு ஒன்றைப் பலகை வைத்து இறக்கினார்கள். பரங்கிப்பேட்டை ரோட்டுப் பக்கத்து மாடாம். கிரகப்பிரவேசத்துக்கென்றே வாடகைக்கு விடுகிறார்கள். மாட்டுக்காரர் முன்னால் இழுத்தார், இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். டைல்ஸில் கால்கள் நாலா பக்கமும் அகன்றன. எப்படியோ உள்ளே ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். கைதட்டினார்கள்.

பூஜை முடிந்ததும் தங்கையின் வீட்டுக்கு வந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாடு வந்துச்சா?"

"வந்துச்சு. கறுப்பு."

"என்ன குடுத்தாங்க தின்ன?"

சொன்னேன். அவள் கீரையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நீ போய் அந்த மாட்டுக்காரர்ட்ட சொல்லு. இதுக்கு மேல இன்னிக்கு ஒரு வாய்கூடப் பொங்கல் காட்டக் கூடாது. வைக்கோலப் போட்டுத் தண்ணி காட்டச் சொல்லு. வீட்டுல சோடா உப்பு வச்சிருக்கச் சொல்லு. நான் போனா நல்லா இருக்காது. நீ சீக்கிரம் போ."

போனேன். மாட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மாட்டின் முன்னால் ஒரு தாம்பாளம் காலியாகக் கிடந்தது. தங்கை சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அய்ய, புண்ணியத்துக்குக் குடுக்கறாங்க சார். வேணாம்னா அடுத்த தபா எவன் கூப்பிடுவான்? மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்குது சார், கவலப்படாதீங்க" என்று சிரித்தார். அதன் காதைப் பார்த்தேன். மாலை மறைத்திருந்தது.

"இன்னும் எத்தனை வீடு இருக்குது?"

"நாலு சார். நல்ல முகூர்த்தம்ல."

பலகையைப் போட்டு மாட்டை ஏற்றினார்கள். வண்டி புறவழிச்சாலைப் பக்கம் போனது. மைத்துனர் பந்திக்குக் கூப்பிட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கையின் வீட்டுக்குத் திரும்பினேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"கேட்டுக்கிட்டாரா?"

"கேட்டுக்கிட்டார்."

"இன்னும் எத்தனை வீடு வச்சிருக்காராம்?"

"இதோட சரியாம்" என்றேன்.